மேளத்தில் கை வைக்காமல் வீணைக்கு மெருகேற்றியது

வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் பக்கவாட்டில் இப்போது ட்யூப்லைட்டின் பிம்பம் நெளியாமல் ஒரே கோடாக விழுகிறது. உருண்டை வயிறான குடத்தில் ஜன்னல் கம்பிகளை எண்ணலாம். போட்டதெல்லாம் அரக்கு, ஸ்பிரிட், கடைசியில் கொஞ்சம் மெழுகு. ஸ்ப்ரே கன், கம்ப்ரெஸர் எதுவும் கிடையாது. நடுவில் பெங்களூரு மழை புகுந்து வேலையைக் கெடுத்த இடங்களும் உண்டு. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வீணை மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் தினமும் வாசிப்பில் இருப்பது. தஞ்சாவூர் வேலை, பலாமரம், ஒட்டு வீணை. மேளம், அதாவது மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகுப் படுகை, அண்மையில்தான் கட்டியது. தந்தியை அழுத்தும் 24 உலோக மெட்டும் சுத்தமாகப் பேசின. உடம்புதான் பார்க்கச் சகிக்கவில்லை. குடத்தில் பழைய பாலிஷ் பொடிப் பொடியாக வெடித்திருந்தது. இடது கை ஓடும் பக்கத்தில் தண்டி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மேல்பலகையில் ஏதோ கடை ஸ்ப்ரேயின் பிசுக்கு. வீணைக்காரர் கேட்டது, கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், மேளம் துளியும் அசையக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மேளம் என்பது தேன்மெழுகும் கரித்தூளும் குங்கிலியமும் சேர்ந்த கறுப்புக் கட்டி. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில்தான் என்றாலும், 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே நன்றாக இளகிவிடும். மெட்டு ஒரு நூல் இறங்கினாலும் சுதி போச்சு. டர்பன்டைன் மெழுகை நேராகவே கரைக்கும். ஸ்பிரிட் மெழுகைக் கரைக்காது. ஆனால் குங்கிலியத்தை ஓரளவு இளக்கும், கரி துணியில் ஏறி அங்கிருந்து மரத்துக்குப் பரவும். ஆகவே ஹாட் ஏர் கன், ஹேர் டிரையர், பால்கனி வெயில், பஃபிங் மெஷின் எதற்கும் தண்டிப் பக்கம் அனுமதி இல்லை.

சித்தையா ரோட்டுப் பக்கம் பாலிஷ் சாமான் வாங்கப் போனபோது, கடையில் நின்ற பாலிஷ்காரர் சொன்னார்: "அரக்கெல்லாம் எதுக்கு சார்? மெலமைன் அடிச்சுக் குடுத்துடறேன், ரெண்டே நாள், கண்ணாடியாட்டம் ஆயிடும்." ஆகும், பொய்யில்லை. ஆனால் மெலமைனும் பாலியூரித்தேனும் இறுகியபின் கரையாத படலங்கள். அஞ்சு வருஷம் கழித்து ஒரு இடத்தில் வெடித்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்வது கஷ்டம். பெரும்பாலும் முழுசாக உரித்தெடுக்க வேண்டியிருக்கும். ஸ்ப்ரேயில் வரும் தின்னர் ஆவி மேளத்தின் மேல் படிவது வேறு. அரக்கு அப்படியல்ல. புதுப்பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு அதனுடன் ஒன்றாகிவிடும். தினமும் மடியில் ஏறி இறங்கும் வாத்தியத்துக்கு அந்தக் குணம்தான் முக்கியம்.

முதலில், மேலே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். தண்டிக்கு அடியில் சுரைக்குடுக்கை திருகும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரமாக, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடம் வைத்தோம். பிசுபிசுவென்று இளகிப் பழுப்பாகக் குச்சியில் ஏறியது. பழைய அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பாலியூரித்தேன். அப்போது இந்த முறையே பொருந்தாது.

அடுத்தது கழற்றல். தந்திகளை ஒரேயடியாக அறுக்காமல், ஏழையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். ஒரு பக்கம் மட்டும் இழுவிசை போனால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்து மேல்பலகையைக் கீறிவிடும். குதிரையை எடுக்குமுன் அதன் நான்கு மூலையையும் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தந்தி முறுக்கும் பிரடைகளில் ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் பென்சிலால் எண் போட்டோம். ஒவ்வொரு பிரடையும் தன் துளைக்கென்று தேய்ந்து உட்கார்ந்திருக்கும். இடம் மாறினால் ஒன்று வழுக்கும், இன்னொன்று இறுகிக்கொள்ளும். சுரைக்குடுக்கையைத் திருகி எடுத்துத் தனியாக வைத்தாயிற்று.

மேளத்தை மூடுவதற்கு ஒரு சின்ன தந்திரம் தேவைப்பட்டது. மெழுகில் டேப் ஒட்டாது. ஒட்டினாலும் உரிக்கும்போது மெழுகைப் பெயர்த்துக்கொண்டு வரும். மெட்டுகளின் மேல் தளர்வாக பட்டர் பேப்பர், அதன் மேல் சமையலறை அலுமினியத் தாள், டேப் ஒட்டியது மேளத்தைத் தாங்கும் மேளச்சட்டத்தின் வெளிப்பக்க மரத்தில் மட்டும். அலுமினியத் தாளின் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்தி மடித்துவிட்டால் ஸ்பிரிட் உள்ளே வழியாது.

சுத்தம் செய்வதில்தான் அதிக நேரம் போனது. இதைச் சுருக்கினால் பின்னால் எதுவும் ஒட்டாது. வீணை வாசிப்பவர்கள் தந்தியில் விரல் வழுக்க எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷமானாலும் காயாது; மரத்துக்குள் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். அதன் மேல் அரக்கைப் பூசினால் அன்றைக்கு நன்றாகவே தெரியும், பிறகு அந்த இடம் மட்டும் மங்கி மெதுவாக உரியும். வெறும் துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியே வராது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். குடத்தின் விளிம்பிலும், மேளச்சட்டத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தண்டியின் அடிப்பக்கத்திலும் முல்தானி மட்டியை மினரல் டர்பன்டைனில் குழைத்து 3 மி.மீ. கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விட்டோம். மறுநாள் தாளை எடுத்துக் காய விட்டால் மண் எண்ணெயை இழுத்துக்கொண்டு கறுப்பாகப் பொருக்கு விடும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, புது மட்டியோடு திரும்பச் செய்ய வேண்டும். மட்டி நிறம் மாறாமல் காயும் வரைக்கும் இதுதான் வேலை.

மேளச்சட்டத்துக்கு ஒட்டின பகுதியில் டர்பன்டைன் கிடையாது. அங்கே முல்தானி மட்டியும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும். எண்ணெயை இழுக்கும் வேகம் குறைவு, இரட்டிப்பு முறை அப்ப வேண்டியிருந்தது. ஆல்கஹால் பழைய அரக்கையும் சேர்த்து இளக்கும். எப்படியும் உரியப்போகிற இடம் என்பதால் அதில் நஷ்டமில்லை.

மேல்பலகையின் ஸ்ப்ரே பிசுக்கு வேறு மாதிரித் தொல்லை. மரச்சாமானுக்கு விற்கும் பளபளப்பு ஸ்ப்ரேக்களில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அது கொஞ்சம் மிஞ்சினாலும் பூசுவது ஒட்டாமல் சிறுசிறு பள்ளமாக விலகும். டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரே திசையில் ஒரு தரம் துடைத்து, துணியின் அந்த முகத்தை மடித்துப் புது முகத்தால் அடுத்த தரம் துடைக்க வேண்டும். அதே துணியை முன்னும் பின்னும் ஓட்டுவது பிசுக்கைப் பரப்பும் வேலை.

பழைய பூச்சை முழுக்க உரிக்கவில்லை. தண்டியின் முனையில் இருக்கும் யாளி முகத்தில் செதுக்கல் கூர்மையாக, பூச்சும் உறுதியாக இருந்தது. அங்கே உப்புத்தாள் பட்டால் யாளியின் பல் மழுங்கிவிடும், போன செதுக்கலை யாரும் திருப்பித் தர முடியாது. சுத்தம் செய்ததோடு விட்டோம். குடத்தில் வெடித்த பூச்சை வளைந்த கேபினெட் ஸ்கிரேப்பரால் சீவி, 220 எண் உப்புத்தாளில் ஒரு கை, 320-இல் மரத்தின் போக்கிலேயே முடித்தாயிற்று. பலாவின் ரேகை இடத்துக்கு இடம் திசை மாறும். குறுக்கே இழுத்த கோடு அரக்கு ஏறியதும் பளிச்சென்று தெரியும், அதற்கு மேல் மெருகு ஏற்றினால் இன்னும் எடுப்பாகத் தெரியும். அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் இருட்டறையில் டார்ச்சைப் படுக்கவைத்து வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்ப்பது நல்லது.

பலாவின் தூள் மஞ்சள். புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் ஏற்ற வெட்டிப் பயன்படுத்திய அதே மரம் இது. அந்த மஞ்சள் ஆல்கஹாலில் தாராளமாகக் கரையும். குடத்தின் விளிம்பிலும் தண்டியிலும் பதித்திருக்கும் வெள்ளைப் பட்டைகளுக்கு இதுதான் எமன். ஸ்பிரிட் துணி முதலில் மரத்தைத் தொட்டு, அடுத்த இழுப்பில் பட்டையைத் தொட்டால் பட்டை மஞ்சளாகிவிடும். பட்டையில் கீறி நிரப்பியிருக்கும் கறுப்பு, சிவப்புக் கோடுகளும் ஸ்பிரிட்டில் கலங்கும். எனவே முதல் இரண்டு பூச்சு ஏறும்வரை எல்லாப் பட்டையும் டேப்புக்குள். இரண்டு பூச்சு ஏறியபின் மஞ்சள் உள்ளே அடைபட்டுவிடும், டேப்பை எடுக்கலாம். ஏற்கெனவே மஞ்சள் ஏறிய ஒரு பட்டையைப் புது பிளேடை நிறுத்திப் பிடித்துச் சுரண்டியதில் வெள்ளை திரும்பி வந்தது. அந்தப் பக்கம் கறுப்புக் கோடு இல்லாததால் தப்பித்தது. தூளுக்கு என்-95 முகமூடி கட்டாயம். பலாத்தூள் மூக்கை அரிக்கும்.

அரக்குக்கு வருவோம். மரப்பூச்சியின் சுரப்பிலிருந்து வரும் இந்தச் சரக்கு பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. அரக்கு ஆராய்ச்சிக்கென்று ராஞ்சியில் 1924-இலேயே நிலையம் தொடங்கினார்கள். கடையில் கேட்க வேண்டியது மெழுகு நீக்கிய அரக்குச் செதில். சாதாரண அரக்கில் நூற்றுக்கு நாலைந்து பங்கு இயற்கை மெழுகு இருக்கும். கரைசலைக் கலங்கலாக்குவதும், படலத்தின் தெளிவைக் குறைப்பதும் அதுதான். மேசை நாற்காலிக்கு அதனால் குறையில்லை. உச்சப் பளபளப்பு கேட்கிறவர்களுக்கு ஆகாது. நிறத்தில் ஆரஞ்சு எடுத்தோம். பலாவின் முதிர்ந்த பழுப்போடு ஒட்டிப்போகும்.

கரைப்பானில் கஞ்சத்தனம் கூடாது. ஹார்டுவேர் கடையில் தளர்வாக விற்கும் ஸ்பிரிட்டில் எவ்வளவு தண்ணீர் என்று கடைக்காரருக்கே தெரியாது. சுத்த எத்தனாலுக்கு லைசென்ஸ் வேண்டும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்கென்றே விற்கிறார்கள். எத்தனாலைவிட இது கொஞ்சம் மெதுவாகக் காயும். கைக்கு அவகாசம் தருவதால் அது ஒரு வசதி. கை கழுவும் 70 சதவீத சமாசாரத்தை வாங்கிவிடாதீர்கள், மீதி 30 தண்ணீர்.

அளவு: 100 கிராம் செதிலை மிக்ஸியில் ஒரு சுற்று பொடித்து, 400 மி.லி. ஆல்கஹாலில் கண்ணாடிப் புட்டியில் போட்டு, அவ்வப்போது குலுக்கி இரவு முழுக்க வைத்தது. மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். இது தாய்க்கரைசல். பூசுவதற்கு இதை ஒன்றுக்கு ஒன்று ஆல்கஹால் விட்டு நீர்த்துக்கொள்ள வேண்டும். புட்டியில் தேதி எழுதுவது சோம்பேறித்தனத்துக்கு விட்டுவிடக் கூடாத வேலை. அரக்கு ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தால் சரியாகக் காயாத சரக்காகிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்துங்கள். அச்சு விழுந்தால் புட்டியோடு கொட்டிவிட வேண்டியதுதான்.

பூசுவது பிரஷ்ஷால் அல்ல, துணிப் பொட்டலத்தால். உள்ளே பழைய கம்பளி சாக்ஸ், வெளியே பலமுறை துவைத்து நூல் பிரியாத வேட்டித் துணி. எலுமிச்சை அளவுக்குக் கட்டி, அடிப்பக்கம் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். கரைசலை உள்துணியில் ஊற்றி, வெளித்துணி வழியாகக் கசிந்து வரும்படி. காகிதத்தில் அழுத்திப் பார்த்தால் ஈரத் தடம் மட்டும் விழ வேண்டும், சொட்டக் கூடாது.

முதலில் நுண்துளை அடைப்பு. பலா துளை பெரிசான மரம். அடைக்காமல் விட்டால் எத்தனை பூச்சு ஏற்றினாலும் மேற்பரப்பு ஊசி குத்தினாற்போலவே இருக்கும். சாக் பவுடரை அப்பி அடைப்பது நம் தச்சர் வழக்கம். ஆனால் ஒரு வெயில் காலம் போனதும் துளைக்குள் வெள்ளைப் புள்ளியாக அது எட்டிப் பார்க்கும். எரிமலைக் கல்லின் பொடியான பியூமிஸ் தூள் அப்படித் தெரியாது, அரக்கில் நனைந்தால் கண்ணாடியாகிவிடும். பொட்டலத்தில் ஆல்கஹாலும் கொஞ்சூண்டு அரக்கும் மட்டும் வைத்து, மேலே சிட்டிகை பியூமிஸ் தூவி, சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். பியூமிஸ் மரத்தை மாவாக அரைத்து, அந்த மாவை மரத்தின் சொந்த நிறத்திலேயே துளைக்குள் திணிக்கும். தூள் அதிகமானால் சாம்பல் பூத்தாற்போல மேலே தங்கும். ஆல்கஹால் மட்டும் உள்ள பொட்டலத்தால் ரேகையின் போக்கில் இழுத்தால் சரியாகும். குடத்துக்கு நாலு சாயங்காலம் இதிலேயே போகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அடைத்த துளை மறுநாள் உள்வாங்கும். திரும்ப அடைக்க வேண்டும்.

பிறகு உடம்பு ஏற்றுவது, அதாவது பூச்சைப் படிப்படியாகக் கனமாக்குவது. வட்டம், எட்டு வடிவம், கடைசியில் நேர்க்கோடு. பொட்டலம் மேற்பரப்பில் ஒரு கணம்கூட நிற்கக் கூடாது; நின்றால் அடியில் இருக்கும் பூச்சு இளகிப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது தோல் உரிந்த மாதிரி தடம் விழும். விமானம் இறங்குவது போலச் சாய்வாக வந்து தொட்டு, சாய்வாகவே கிளம்ப வேண்டும். இழுவை தெரிந்தால் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் ஒரே சொட்டு, பொட்டலத்தின் அடியில். ஒரு அமர்வுக்கு மூன்று நான்கு சுற்று போதும். படலம் கைக்கு இளகலாகத் தோன்றினால் மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்தி மறுநாளுக்கு விட வேண்டும். முழு வேலையும் முடிந்தால்கூடப் படலம் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மேல்பலகையில் அதிலும் பாதி. அதிர வேண்டிய பலகையின் மேல் கனத்தை ஏற்றிப் பளபளப்பு வாங்குவது நாதத்தைக் கொடுத்து நகை வாங்கிய கதை.

மழை இங்கேதான் குறுக்கிட்டது. ஜூலை கடைசி, சாயங்காலம், வெளியே தூறல், அறை ஈரமானியில் 82 சதவீதம். குடத்தின் இடப்பக்கம் பூசிய பத்தாவது நிமிடத்தில் பால் ஊற்றினாற்போல வெளுத்தது. ஆல்கஹால் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கும்; காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பயப்படுகிற விஷயம் இல்லை. அடுத்த உலர்ந்த மத்தியானம் 65-க்குக் கீழே வந்தபோது, ஆல்கஹால் மட்டும் தொட்ட பொட்டலத்தை இறகு மாதிரி ஓட்டியதும் வெளுப்பு போய்விட்டது. ஈரம் 70-ஐத் தாண்டினால் புட்டியைத் திறக்காதீர்கள். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை 70-க்குக் கீழே இருப்பது பகல் 12 முதல் 4 வரை கிடைக்கும் சில மணி நேரங்கள்தான், அதுவும் எல்லா நாளும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் எதிர்ப்பக்கம்: காற்று அவ்வளவு வறண்டு, பொட்டலம் ஓடி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அப்போது கரைசலை இன்னும் நீர்க்க வைத்து, எண்ணெய் அரைச் சொட்டு கூட்டிக்கொள்ளலாம்.

தூசிக்கு வைத்தியம் ஈர மாப். பூசுவதற்கு அரை மணி முன்பு தரையைத் துடைத்து, ஃபேனை நிறுத்தி, தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். கொல்லைப்பக்க ஜன்னல் திறந்திருக்கட்டும். எதிர்வீட்டில் மெட்ரோ வேலையோ மாடி கட்டுகிற வேலையோ நடக்காத தெரு இந்த ஊரில் அபூர்வம். ஆல்கஹால் ஆவி தீப்பற்றக்கூடியது, பூஜை விளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

உடம்பு ஏறியபின் இரண்டு வாரம் சும்மா விட்டோம். இங்கே அவசரப்பட்டால் 1000 எண் தாளில் அரக்கு சோளப்பொரி மாதிரி ஒட்டி உருண்டு, அந்த உருண்டையே மேற்பரப்பைக் கோடாகக் கிழிக்கும். நன்கு இறுகிய அரக்கு தேய்த்தால் வெள்ளை மாவாக உதிரும். அதுதான் அடையாளம்.

சமப்படுத்துவதில்தான் பளபளப்பே இருக்கிறது. மெழுகு மின்னவைக்கும் என்று நினைத்து அதைக் கொட்டுகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான்: மேடும் பள்ளமும் இருந்தால் வெளிச்சம் சிதறும், எதைத் தடவினாலும் சிதறும். 600-இல் தொடங்கி 1000, 1500, 2000. வளைவுக்குத் தாளின் பின்னால் மெல்லிய ரப்பர், நேரான தண்டிக்குத் தக்கைக் கட்டை. 600 தாளை இரண்டு தரம் ஓட்டிவிட்டுச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். மங்கியது மேடு, இன்னும் மின்னிக்கொண்டிருப்பது பள்ளம். மின்னும் புள்ளிகள் எல்லாம் மங்கினால் சமமாகிவிட்டது. புள்ளி நிறைய மிஞ்சினால் மேற்கொண்டு தேய்க்கக் கூடாது, பூச்சு போதவில்லை என்று பொருள். குடத்தின் கழுத்தோரம் அப்படித்தான் இருந்தது. அங்கே மறுபடி பொட்டலம் ஓட்டி, திரும்ப இறுக விட்டுத்தான் தொடர முடிந்தது. விளிம்புகளை விரலால் மட்டும் லேசாகத் தொட வேண்டும். தாள் ஒரு தரம் விளிம்பில் அழுந்தினால் அடுத்த நொடி மரம் வெளியே தெரியும்.

குடத்தில் தாளை லிக்விட் பாரஃபின் கலந்த மினரல் டர்பன்டைனில் நனைத்துக்கொண்டோம். தண்டியில் நனைக்காமல், அடைத்துக்கொள்ளாத வெள்ளை ஸ்டியரேட் தாளை உலர்வாக. தண்ணீர் வேண்டாம், கீறலில் தேங்கினால் அரக்கு வெளுக்கும்.

2000-க்கு அப்புறம் ஜே.சி. ரோட்டில் கார் பெயிண்ட்டுக்கு விற்கும் மெருகுப் பசையான ஃபைன் கம்பவுண்ட், சிலிக்கோன் இல்லாதது என்று டப்பாவில் எழுதியிருப்பதாகப் பார்த்து. ஃபிளானல் துணி, கை மட்டும். மெஷின் பஃபில் சில நொடியில் ஏறும் சூடு அரக்கை இளக்கிப் புரட்டிவிடும். அரக்கு 75 டிகிரி வாக்கில் உருகிவிடுகிற சரக்கு, இளகத் தொடங்குவது அதற்கும் கீழே. செதுக்கலுக்குள் கம்பவுண்ட் போனால் வெள்ளையாகக் காய்ந்து யாளிக்குப் பல் விளக்கிய மாதிரி ஆகிவிடும் என்பதால் யாளிப் பக்கம் கம்பவுண்டே கொண்டுபோகவில்லை. அங்கே கடைசி வேலை, ஆல்கஹால் அதிகம், அரக்கு துளி உள்ள ஒரு பொட்டல ஓட்டம் மட்டும்.

இப்போது மெழுகு. தேன்மெழுகு 30 கிராம், கார்னோபா 10 கிராம், மினரல் டர்பன்டைன் 100 மி.லி. கார்னோபா பிரேசில் பனை வகை ஒன்றின் இலை மெழுகு, 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும், கடினமானது, மின்னுவதும் அதுதான். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கார்னோபாவுக்கு அது தாராளம். ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் இன்னொரு டப்பா, இண்டக்ஷன் அடுப்பு, கேஸ் தீ கூடவே கூடாது. கார்னோபா முதலில், அது உருகியதும் தேன்மெழுகு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே டர்பன்டைன், கிளறிக்கொண்டே. குளிர்ந்த டர்பன்டைனைச் சட்டென்று ஊற்றினால் கார்னோபா குருணையாகத் திரளும், திரும்ப வெந்நீரில் வைத்து உருக்க வேண்டியிருக்கும். கார்னோபாவைக் கூட்டினால் இன்னும் மின்னும் என்று பாதிக்குப் பாதி போட்டுப் பார்க்க ஆசை வரும். கையால் தேய்த்து எடுக்க முடியாத அளவுக்கு இறுகிவிடும், வரிவரியாக நிற்கும்.

குடம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு மெழுகு. மெல்லிய பனியன் துணியில் எடுத்து, தடவியது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பரப்பி, இருபது நிமிடம் விட்டுச் சுத்தமான ஃபிளானலால் தேய்த்து எடுக்க வேண்டும். மறுநாள் இன்னொரு முறை. அதோடு நிறுத்தம். தடித்துப் போட்டால் விரல் ரேகை ஒவ்வொன்றும் பதியும், கண்ணாடி மேல் ஆவி படிந்தது போல மங்கலும் வரும். கம்பவுண்டுக்குப் பின் இருந்த மின்னலைவிட மெழுகுக்குப் பின் கூடுதலாக எதுவும் வரவில்லை. வியர்வைக் கை ஒட்டாமல் வழுக்குகிறது, அதற்காகத்தான் மெழுகு.

போடக் கூடாத இடங்கள்: பிரடையின் தண்டும் துளையும். மெழுகு பட்டால் சுதி நிற்காது. குதிரை உட்காரும் நான்கு மூலைக்குள், டேப் குறித்த கட்டத்துக்குள்ளும் வேண்டாம். குதிரை நகர்ந்தால் எந்த மெட்டும் சரியாகப் பேசாது. மேளச்சட்டத்தை ஒட்டியும் கிடையாது, இந்தக் கலவையில் டர்பன்டைன் இருக்கிறதே. தண்டியின் மேல்விளிம்பு வெறும் அரக்கோடுதான் நிற்கிறது. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அலுமினியத் தாளைப் பிரித்தபோது மேளம் போட்டபடி இருந்தது. மெட்டு எதுவும் இறங்கவில்லை. மேளச்சட்டத்தின் உட்புறம் ஒரு அங்குல நீளத்துக்குப் பழைய பூச்சு அப்படியே மங்கலாக மிஞ்சியிருக்கிறது. அங்கே கை நுழையாது, நுழைத்தால் மெழுகைச் சீண்ட வேண்டும். அடுத்த தடவை மேளம் பிரித்துக் கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

செலவு: மெழுகு நீக்கிய செதில் 250 கிராம் 550 ரூபாய், ஆல்கஹால் 2 லிட்டர் 600, உப்புத்தாள்கள் 300, கம்பவுண்ட் 250, இரண்டு மெழுகும் சேர்த்து 350. பியூமிஸ், டர்பன்டைன், முல்தானி மட்டி, பாரஃபின், டேப் எல்லாம் ஒரு 550. மொத்தம் 2,600 ரூபாய் வாக்கில். தந்தி செட் தனி. செதிலில் பாதிக்கு மேல் மிச்சம். உலர்ந்த செதிலாக டப்பாவில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் கெடாது, கரைத்து வைத்தால்தான் கெடும்.

அடுத்த வீணைக்கு மாற்றுவது: வேலை தொடங்குவது நவம்பருக்குப் பிறகு. வெள்ளைப் பட்டைகளை டேப்புக்கு முன்பே பிரஷ்ஷால் மெல்லிய அரக்கு ஒரு பூச்சு தனியாகப் பூசி அடைத்துவிடுவது. உப்புத்தாளில் 1500-ஐத் தாண்டித் தண்டிக்கு மட்டும் நேரே கம்பவுண்டுக்குப் போகலாமா என்று ஒட்டுப்பலகை ஒன்றில் சோதிப்பது.

முடித்த வீணையை உடனே பெட்டிக்குள் போடக் கூடாது. அரக்கு முழுசாக இறுக ஒரு மாதமாவது ஆகும்; அதுவரை உறைத் துணியின் நெசவு அப்படியே குடத்தில் அச்சாகிவிடும். ரெக்ஸினும் ஃபோமும் அரக்கோடு ஒட்டிக்கொள்ளும், நடுவே பருத்தித் துணி இல்லாமல் வைக்காதீர்கள். எண்ணெய்க் கிண்ணத்தை வீணையின் வலப்பக்கம் தரையில் வையுங்கள், தண்டிக்கு மேலாகக் கை போக வேண்டாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த மென்துணி போதும். மின்னல் குறைந்தாற்போலத் தோன்றினால் முதலில் துணியைத் துவையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் மட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பட்டாணியில் பாதி மெழுகு.